கேரியர் காலடியில் துரு

வேன், கார், ஜீப் எதுவானாலும், கூரைமேல் கேரியர் வைத்த வண்டியில் துரு முதலில் பிடிக்கும் இடங்களில் ஒன்று கேரியரின் கால் ஊன்றும் இடம். கூரைத் தகடு மெல்லியது. பெரும்பாலான வண்டிகளில் அதன் கனம் ஒரு மில்லிமீட்டர்கூட இராது, 0.7, 0.8 மில்லிமீட்டர்தான். அந்தத் தகட்டில் துளை போட்டு, போல்ட் விட்டு, இரும்புக் காலை இறுக்கி, மேலே மூட்டை முடிச்சுகளை ஏற்றிக்கொண்டு மேடு பள்ளத்தில் ஓட்டினால், ஒவ்வொரு குலுக்கலிலும் கால் மயிரிழை அளவு அசைகிறது. அசையும்போது பெயின்ட் தேய்கிறது. தேய்ந்த இடத்தில் தண்ணீர் தங்குகிறது. செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் 30 கிலோமீட்டர்ச் சாலையில் ஓடும் வண்டிகளுக்கு இதோடு கடலின் உப்பும் சேர்கிறது.

அலை உடையும்போது நுண்ணிய உப்புநீர்த் திவலைகள் காற்றில் ஏறுகின்றன. பெரிய திவலைகள் கரையிலிருந்து சில நூறு மீட்டருக்குள் இறங்கிவிடும். உள்ளே போகப் போக உப்பு வேகமாகக் குறையும். ஆகவே மாமல்லபுரத்தில் கடற்கரைக் கோயில் பக்கம் இரவெல்லாம் நிற்கும் வண்டியும், செங்கல்பட்டில் கொளவாய் ஏரிப் பக்கம் நிற்கும் வண்டியும் ஒரே ஆண்டில் வாங்கியவையாக இருக்கலாம். தகட்டின் வயது ஒன்றாக இருக்காது. பழகிய டிங்கருக்கு ஆர்சி புத்தகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. கேரியர் போல்ட்டின் தலையைப் பார்த்தே வண்டி எங்கே நிற்கிறது என்று சொல்லிவிடுவார்.

உப்பின் கெடுதல் மழைக்குக் காத்திருப்பதில்லை. காற்றின் ஈரப்பதம் சுமார் 75 விழுக்காட்டைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை உறிஞ்சிக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மக்னீசியம் குளோரைடு அதைவிடக் குறைந்த ஈரத்திலேயே கசிந்துவிடும். மழைக்காலத்தில் கல்லுப்பு ஜாடி அடியில் நீர் விட்டுக்கொள்வது இதனால்தான். கிழக்குக் கடற்கரையில் பல இரவுகளில் ஈரப்பதம் இந்த அளவைத் தாண்டும். அதாவது ஒரு சொட்டு மழை பெய்யாத மாதத்திலும் கேரியர் காலின் அடியில் இரவுதோறும் உப்புநீர் ஊறிக்கொண்டிருக்கிறது. பகலில் கூரை கொதித்தாலும் அந்த இடுக்குக்குள் காற்று புகாததால் ஈரம் முழுதாகக் காய்வதில்லை.

இடுக்கு என்பதுதான் இதில் முக்கியமான சொல். திறந்த தகட்டில் பிடிக்கும் துரு கண்ணில் படும், தேய்த்தால் போகும். காலுக்கும் கூரைக்கும் நடுவே காகிதம் நுழையும் அளவு சந்தில் தேங்கும் நீரில் ஆக்சிஜன் சீக்கிரம் தீர்ந்துவிடுகிறது. வெளி விளிம்பில் ஆக்சிஜன் ஏராளம். இந்த ஏற்றத்தாழ்வே ஒரு சிறு மின்கலம் போல வேலை செய்கிறது. ஆக்சிஜன் குறைந்த உட்பகுதியில் இரும்பு கரைகிறது. கரைந்த இரும்பு குளோரைடை உள்ளே இழுக்கிறது, உள்ளே இருக்கும் நீர் மெல்ல அமிலத்தன்மை பெறுகிறது, அரிப்பு மேலும் முடுகுகிறது. உண்டாகும் துரு, தின்ற இரும்பைப் போல இரண்டு மடங்குக்கும் மேலாக இடம் பிடிக்கும். அது உப்பி பெயின்ட்டைத் தூக்கும்; காலைச் சுற்றி அம்மைக் கொப்புளம் போல வரிசையாகப் புடைப்புகள் தெரியும். வெளியே கொப்புளம் தெரியும் நாளில் உள்ளே பாதித் தகடு போயிருக்கும்.

தமிழ்நாட்டுக்கு இது புதிய செய்தி அல்ல. கல்பாக்கத்தில் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் அரிமானத்தை ஆராய்வதற்கென்றே ஒரு பிரிவு இயங்குகிறது. காரைக்குடியில் 1953இல் திறக்கப்பட்ட மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிறுவனம் கடலோர அரிப்பை அளக்க மண்டபத்தில் ஒரு நிலையம் வைத்திருக்கிறது. ஆனால் அந்த அறிவு சாலையோரப் பட்டறைக்கு வந்து சேர்ந்தது கைப்பழக்கமாகத்தான். அப்படிக் கைப்பழக்கத்தால் ஒழுகல் கண்டுபிடிக்கப்பட்டு, முறையாகச் சரிசெய்யப்பட்ட ஒரு வேன் நினைவில் நிற்கிறது.

அது பன்னிரண்டு இருக்கை வேன். திருக்கழுக்குன்றத்தில் ஒரு வீட்டுக்காரர் பழையதாக வாங்கி, வாடகைக்கு விட்டு ஓட்டியது. கோடையில் மாமல்லபுரம், முட்டுக்காடு, கோவளம் என்று சுற்றுலாச் சவாரி. மார்கழி, தை மாதங்களில் தைப்பூசம் வரை மேல்மருவத்தூருக்கு இருமுடிச் சவாரி. இருமுடிக்குப் போகும் குழுவின் சாமான் எல்லாம் கூரைமேல்தான் ஏறும்: அண்டா, கேஸ் அடுப்பு, அரிசி மூட்டை, ஜமக்காளச் சுருட்டு. கேரியரை முந்தைய உரிமையாளர் சாலையோரத்தில் எங்கோ பொருத்தியிருந்தார். பக்கத்துக்கு நான்கு கால், மொத்தம் எட்டு. காலுக்கு இரண்டு போல்ட். கூரையில் பதினாறு துளை. துளை போட்ட விளிம்புக்குப் பெயின்ட் அடிக்கப்படவில்லை. காலின் அடியில் சைக்கிள் டியூபை வெட்டி வைத்திருந்தார்கள். டியூப் துண்டு அதிர்வைத் தாங்கும் என்பது உண்மை. அது நீரைப் பஞ்சு போலப் பிடித்து வைத்துக்கொள்ளும் என்பதும் உண்மை. தகட்டோடு ஒட்டாமல் உட்கார்ந்திருக்கும் ரப்பருக்கு அடியில் நுழைந்த நீர் வெளியே வர வழியில்லை.

2005 ஐப்பசியில் வடகிழக்குப் பருவமழை கொட்டித் தீர்த்தது. அந்த மழையில் ஒரு நாள், நடு இருக்கையில் இருந்த ஒரு பாட்டியின் சிவப்புப் புடவைத் தோளில் சொட்டு விழுந்தது. பாட்டி முந்தானையால் துடைத்தார். காய்ந்த பிறகு அங்கே காப்பிக் கறை போல ஒரு வட்டம் நின்றது. வண்டிக்காரர் வீட்டுக்கு வந்ததும் எம்-சீல் வாங்கிப் பிசைந்து எட்டுக் கால்களைச் சுற்றியும் கரை கட்டினார். இரண்டு வாரம் ஒழுகவில்லை. மூன்றாவது வாரம் சொட்டு வேறு இடத்துக்குப் போனது: கேபின் லைட்டின் ஓரம்.

மேலே பூசி அடைப்பது எல்லாரும் செய்யும் முதல் வைத்தியம். அது தவறு என்று சொல்லத் தயங்க வேண்டியதில்லை. ஒழுகும் சந்துக்குள் ஏற்கெனவே உப்பும் ஈரமும் இருக்கின்றன. வெளியே கரை கட்டினால் புது நீர் குறையும். உள்ளே இருப்பது வெளியேறும் வழியும் அடைபடும். எம்-சீல் இறுகிக் கல்லாகிவிடும். கூரைத் தகடோ வெயிலில் விரிந்து இரவில் சுருங்கும், ஓட்டத்தில் நெளியும். கல்லுக்கும் தகட்டுக்கும் நடுவே சில நாளில் ஒரு மயிர்க்கோடு பிளக்கும். அதற்குப் பிறகு கரை, கிண்ணமாகிவிடும்.

வேன் செங்கல்பட்டில் ஒரு டிங்கரிங் பட்டறைக்கு வந்தது. மேஸ்திரி வண்டியைச் சுற்றிப் பார்க்கவில்லை. முதலில் கேட்டார்:

"எங்கப்பா ஒழுகுது?"

"நடு சீட்டு மேல மேஸ்திரி. லைட்டு பக்கத்துல."

"அது தண்ணி வெளிய வர்ற எடம். உள்ள போற எடம் எது?"

கூரை ஒழுகலில் இந்தக் கேள்விதான் பாதி வேலை. கூரையின் உட்புறத்தில் குறுக்குப் பட்டைகள் ஓடுகின்றன. துளை வழியே இறங்கிய நீர் நேரே சொட்டாது. தகட்டின் அடிப்பக்கத்தில் ஒட்டியபடியே சரிந்து, குறுக்குப் பட்டையைத் தொட்டு, பட்டை போகும் வழியில் போய், ஒயர் போகும் துளையோ ரெக்சின் தையலோ கிடைக்கும் இடத்தில் விழும். வண்டி சரிவில் நின்றால் ஒரு பக்கம் சொட்டும், பிரேக் போட்டால் இன்னொரு பக்கம். சில வண்டிகளில் நீர் முன் கண்ணாடித் தூணுக்குள் இறங்கி ஓட்டுநரின் கால்மிதியை நனைக்கும். கண்ணாடி பீடிங் ஒழுகுகிறது என்று அதை மாற்றிப் பணத்தைத் தொலைத்தவர்கள் உண்டு.

நீர் உள்ளே போகும் இடத்தைத் தேடும் சோதனைக்கு முன் ஓர பீடிங்குகளைப் பிடுங்கி, கேபின் லைட்டைக் கழற்றி, கூரையின் ரெக்சினையும் அதன் பின்னிருந்த ஃபோமையும் இறக்கினார்கள். ஃபோம் ஊறிய ரொட்டி போலக் கனத்தது. பிழிந்தபோது வந்த நீர் தேநீர் நிறம். வெறும் தகட்டை இரண்டு நாள் காய விட்டார்கள். பிறகு மேஸ்திரி கேட்டது கோலமாவு. ரெக்சின் ஒட்டிய பசையின் பிசுபிசுப்பு தகட்டின் அடியில் இன்னும் இருந்தது. கோலமாவைத் துணியில் தொட்டுத் தேய்த்தபோது அது மெல்லிய வெள்ளைப் படலமாக ஒட்டிக்கொண்டது. நீர் எங்கே தொட்டாலும் அந்த இடம் உடனே சாம்பல் நிறமாகும். விலை உயர்ந்த கருவி எதுவும் இதைவிடத் தெளிவாகக் காட்டாது.

உள்ளே வண்டிக்காரரின் பத்து வயது மகன் டார்ச்சோடு மல்லாந்து படுத்தான். மேலே மேஸ்திரியின் கையாள் சொம்போடு ஏறினான். ஹோஸ் பைப்பைத் திறந்துவிட்டால் கூரை முழுவதும் ஒரே நேரத்தில் நனையும். எந்தக் கால் குற்றவாளி என்று தெரியாது. அதனால் ஒரு நேரத்தில் ஒரு கால். தாழ்ந்த பக்கத்தில் தொடங்கி மேலே போக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் வழிந்த நீர் கீழ்க்காலையும் நனைத்துக் கணக்கைக் குழப்பும். ஒவ்வொரு காலுக்கும் இரண்டு சொம்பு நீரை மெதுவாக ஊற்றி, பத்து நிமிடம் காத்திருந்தார்கள். ஐந்து கால் வரை ஒன்றுமில்லை. ஆறாவது காலில், வலப்பக்கம் பின்னாலிருந்து இரண்டாவது, இரண்டாவது சொம்பு ஊற்றி ஏழெட்டு நிமிடம் கழித்து, வெள்ளைப் படலத்தில் ஒரு சாம்பல் கோடு எறும்பு ஊர்வது போல நகர்ந்து வந்தது. குறுக்குப் பட்டையைத் தொட்டு நின்றது, திரும்பியது, பட்டையோடு இரண்டடி ஓடி, லைட் ஒயர் துளைக்கு வந்து ஒரு சொட்டாகத் திரண்டது. மீதி இரண்டு கால்களையும் விடாமல் சோதித்தார்கள். எட்டாவதும் லேசாகக் கசிந்தது. ஒன்று கிடைத்ததும் நிறுத்தியிருந்தால் அது அடுத்த மழையில்தான் தெரிந்திருக்கும்.

பிரிப்பது பொறுமையான வேலை. உப்பில் வெந்த நட்டை முரட்டுத்தனமாகத் திருகினால் போல்ட் தகட்டோடு சேர்ந்து சுற்றும், துளை கிழியும். மண்ணெண்ணெயும் பிரேக் ஆயிலும் கலந்து முந்தின நாள் மாலையே நட்டுகளில் ஊற்றி ஊற விட்டார்கள். இன்று அதற்கென்றே ஸ்பிரே டப்பாக்கள் கிடைக்கின்றன. கேஸ் கட்டரால் சூடேற்றி எடுப்பது சேஸிஸுக்குச் சரி, கூரைக்கு ஆகாது. தகடு கோணிக்கொள்ளும், ஓரத்தில் மிச்சமிருக்கும் ஃபோம் தீப்பிடிக்கும். அசையாத போல்ட்டுகளை ஹாக்சா பிளேடால் அறுத்தார்கள். பதினாறில் ஒன்பது அப்படித்தான் வந்தன.

ஆறாவது காலைச் சுற்றியிருந்த எம்-சீல் கரையை உளியால் தட்டி எடுத்தபோது, அடியிலிருந்து வந்த கசடு செம்பழுப்பாக இல்லை. கறுப்பும் பச்சையுமாக, சாக்கடைச் சேறு போல இருந்தது. காற்று படாத இடத்துத் துரு அந்த நிறத்தில்தான் இருக்கும். காகிதத்தில் வழித்து வைத்ததை மேஸ்திரி பையனிடம் காட்டினார். அது கண்ணெதிரே ஓரத்திலிருந்து மெல்ல ஆரஞ்சு நிறமாக மாறியது. ஆக்சிஜன் இப்போதுதான் கிடைத்தது அதற்கு.

எவ்வளவு தகடு மிஞ்சியிருக்கிறது என்பதைக் காதால் அறியலாம். சுத்தியல் காம்பால் தட்டிக்கொண்டே வந்தால் நல்ல தகடு கணீரென்று பேசும். அரித்த தகடு 'டப்' என்று அடங்கும். சந்தேகமான இடத்தில் ஸ்க்ரூ டிரைவர் முனையால் அழுத்திப் பார்க்க வேண்டும். வளைந்து கொடுத்தால் தப்பியது, புகுந்துவிட்டால் போனது. எட்டில் ஐந்து காலடிகளில் மேல்துருதான்: தேய்த்தால் அடியில் வெள்ளை இரும்பு வந்தது. ஒன்றில் ஊசிக்குழிகள். ஆறிலும் எட்டிலும் துளையைச் சுற்றி உள்ளங்கை அளவுக்குத் தகடு அப்பளமாகியிருந்தது.

மேல்துருவைக் கம்பி பிரஷ்ஷும் உப்புத்தாளும் கொண்டு எடுத்துவிடலாம். குழிகளில் அது போதாது. குழியின் அடியில் துருவோடு குளோரைடும் உட்கார்ந்திருக்கும். அதன்மேல் எவ்வளவு நல்ல பெயின்ட் அடித்தாலும் உள்ளேயிருந்து மறுபடி கிளம்பும். அரைத்துத் தேய்ப்பது துருவை எடுக்கும், உப்பை எடுக்காது. உப்பை எடுப்பது நன்னீர் ஒன்றுதான். இதைப் பல பட்டறைகளில் செய்வதே இல்லை. துருப்பிடித்த இரும்பில் யாராவது தண்ணீர் ஊற்றுவார்களா என்று கேட்பார்கள். ஊற்றத்தான் வேண்டும். வெந்நீர் இன்னும் நல்லது. தேய்த்து, கழுவி, காய வைத்து, மறுபடி தேய்த்து, மறுபடி கழுவி, மூன்று முறை. கழுவும் நீர் போர் தண்ணீராக இருக்கக்கூடாது. கடலோர ஊர்களில் அதிலேயே உப்பு இருக்கும். பிடித்து வைத்த மழைநீர் மிக ஏற்றது. கடைசியாகக் கழுவிய நீரில் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டுப் பார்த்து, வெள்ளையாகத் திரண்டால் குளோரைடு இன்னும் இருக்கிறது என்று அறிவது பள்ளி ஆய்வகத்திலேயே செய்யக்கூடிய சோதனை.

மாமல்லபுரத்தில் இதே வைத்தியம் கல்லுக்கு நடக்கிறது. எட்டாம் நூற்றாண்டுக் கடற்கரைக் கோயிலின் கல்லில் கடற்காற்றின் உப்பு நுண்துளைகளுக்குள் இறங்கி, படிகமாகி, மேற்பரப்பை உதிர்க்கிறது. தொல்லியல் துறையினர் காகிதக் கூழை நன்னீரில் நனைத்துச் சிற்பத்தின்மேல் அப்புகிறார்கள், கூழ் காயும்போது கல்லுக்குள் இருக்கும் உப்பு நீரோடு வெளியே வந்து கூழில் சேர்கிறது, பிறகு உரித்தெடுக்கிறார்கள். கோயிலுக்கும் கடலுக்கும் நடுவே கல் அரண் போட்டதும், சுற்றிலும் சவுக்கு வைத்ததும் உப்பைத் தூரத்தில் நிறுத்தத்தான். வந்து சேர்ந்த உப்புக்கு நன்னீரைத் தவிர மருந்தில்லை.

கழுவிய இரும்பு சில நிமிடத்திலேயே மஞ்சள் பூக்கத் தொடங்கும் என்பதால் உடனே உலர்த்த வேண்டும். சித்திரை வெயிலில் அது தானாக நடக்கும். ஐப்பசியில் நடக்காது, பட்டறையில் ஹாலஜன் விளக்கைக் கட்டித் தொங்கவிட்டார்கள். குழி விழுந்த இடத்துக்குத் துரு மாற்றி தடவினார்கள். இவற்றில் இரண்டு வகை உண்டு. பாஸ்பாரிக் அமிலம் துருவை இரும்புப் பாஸ்பேட் ஆக்கும். டானிக் அமிலம் துருவோடு சேர்ந்து கருநீலப் படலமாகும். இரண்டாவது நம் ஊருக்குப் புதிதல்ல: கடுக்காயின் துவர்ப்பும் அன்னபேதியின் இரும்பும் சேர்ந்து எழுத்து மை ஆனது இதே வினையால்தான். துரு மாற்றி மெல்லிய துருவுக்குத்தான். செதிலாக எழும்பும் துருவின்மேல் தடவினால் மேல்தோல் மட்டும் கறுக்கும், அடியில் அரிப்பு நிற்காது. பாஸ்பாரிக் வகையைத் தடவிய பிறகு மிச்ச அமிலத்தைத் துடைத்தெடுக்காமல் பெயின்ட் அடித்தால் அதுவே கொப்புளம் எழுப்பும்.

அப்பளமான இரண்டு இடங்களையும் வெட்டி எடுப்பதைத் தவிர வழியில்லை. துரு முடியும் கோட்டில் வெட்டக்கூடாது. கணீரென்ற தகடு தொடங்கி, அதற்கும் ஒரு விரல்கடை வெளியே வெட்ட வேண்டும். மூலைகளை வட்டமாக விட வேண்டும். கூரான மூலையில் பிளவு தொடங்கும். ஒட்டுக்கு 22 கேஜ் தகடு. ஜிஐ தகட்டை வைத்தால் வெல்டிங் சூட்டில் துத்தநாகம் எரிந்து புகையாகும். அந்தப் புகை காய்ச்சல் கொண்டுவரும், பற்றும் உறுதியாக இராது. சாதாரணத் தகட்டை வைத்து, பிறகு நன்றாகப் பிரைமர் அடிப்பதே நல்லது.

கூரையில் வெல்டிங் வைப்பதுதான் டிங்கரின் கைத்திறன் தெரியும் இடம். அகன்ற மெல்லிய தகட்டில் ஒரே மூச்சாகத் தீயை ஓட்டினால் அது விரிந்து, ஆறும்போது முழுதாகத் திரும்பாமல் அலை அடிக்கும். அழுத்தினால் 'டப் டப்' என்று உள்ளே போய் வெளியே வரும். மேஸ்திரி பேட்டரி ஒயரைக் கழற்றிவிட்டு, வெட்டிய இடத்தைச் சுற்றி ஈரக் கோணியைப் படர விட்டார். ஒரு பொட்டு இங்கே, அடுத்தது எதிர்ப்பக்கம், பிறகு குறுக்கே. ஒவ்வொரு பொட்டுக்கும் பிறகு கையை எடுத்துவிட்டு ஆறும்வரை சும்மா நின்றார். இரண்டு ஒட்டுக்கு ஒரு பகல் ஆனது. அவர் கையில் அன்று இருந்தது கேஸ் செட். இப்போது பல பட்டறைகளில் இருக்கும் சிஓ2 வெல்டிங்கில் சூடு குறைவு, கோணலும் குறைவு. வெல்டிங்கே இல்லாமல் எபாக்சிப் பசையால் தகட்டை ஒட்டும் முறையும் வந்திருக்கிறது; கேரியர் கால் ஊன்றும் இடத்தில் அதை நம்பிச் சுமை ஏற்றுவது சரியல்ல. பித்தளைக் கம்பி வைத்து ஒட்டியிருந்தால் அதற்குப் போட்ட பொடியின் மிச்சத்தைச் சுரண்டிக் கழுவ வேண்டும். அதுவும் ஈரம் இழுக்கும்.

பிரைமர் பற்றி ஒரே ஒரு விதி: வெறும் இரும்பின்மேல் முதலில் எபாக்சி பிரைமர், உள்பக்கமும் வெளிப்பக்கமும். ரெட் ஆக்சைடு கிரில் கேட்டுக்குப் பழக்கமானது. உப்புக்காற்றில் அது மட்டும் நிற்காது. பட்டியை வெறும் தகட்டில் வைப்பது இந்த வேலையில் நடக்கும் மிகப் பெரிய பிழை. பட்டி ஈரத்தை உறிஞ்சும். அதன் அடியில் பிடிக்கும் துரு ஒரே மழைக்காலத்தில் பட்டியைப் பாளமாகத் தூக்கி எறியும். பிரைமருக்கு மேலேதான் பட்டி, அதுவும் மெல்லிதாக. மீதி பெயின்ட் வேலை மற்ற எந்த இடத்துக்கும் போலத்தான்.

மறுபடி கேரியரைப் பொருத்தியபோது பழைய முறையில் எதுவும் மிஞ்சவில்லை. துளையின் உள்விளிம்புக்கும் பிரைமர் தொட்டு வைத்தார்கள். கூரைக்கு உள்ளே ஒவ்வொரு காலுக்கும் உள்ளங்கை அளவில் 3 மில்லிமீட்டர்க் கனத் தகடு. சுமை ஒரு வாஷர் அளவில் குத்தாமல் பரவுவதற்கு. குறுக்குப் பட்டையின் உள்வெற்று இடத்தில் போல்ட் போகும் வழியில் சிறு குழாய்த் துண்டு. இல்லாவிட்டால் நட்டை முடுக்க முடுக்கக் கூரை உள்ளே அமுங்கும், அமுங்கிய குழியில் நீர் நிற்கும். சைக்கிள் டியூப் போய், காலின் வடிவத்துக்கு வெட்டிய கெட்டி ரப்பர்.

சீலன்ட் எங்கே போட வேண்டும் என்பதில்தான் பலர் தவறுகிறார்கள். அது காலின் வெளி ஓரத்தைச் சுற்றி அல்ல, அடியில், துளையைச் சுற்றி வளையமாக இருக்க வேண்டும். ஓரம் திறந்தே இருக்கட்டும். அங்கே வரும் நீர் வந்த வழியே போகும், கழுவவும் முடியும். பாலியூரித்தேன் வகை நல்லது. வாங்கும்போது முகர்ந்து பார்க்கலாம்: காடி வாடை அடிக்கும் சிலிகான் காயும்போது அசிட்டிக் அமிலம் விடும், அது இரும்புக்கு ஆகாது. போல்ட்டை முதலில் பாதி மட்டும் இறுக்கி, சீலன்ட் ஒரு நாள் உறைந்த பிறகு முழுதாக இறுக்க வேண்டும். ஒரேயடியாக இறுக்கினால் எல்லாம் பிதுங்கி வெளியே வந்து, அடியில் ஒன்றும் மிஞ்சாது. துருப்பிடிக்காத எஸ்எஸ் போல்ட் போடுவது நல்லதுதான், ஆனால் அது தன்னைத்தான் காத்துக்கொள்ளும். அதைச் சுற்றிப் பெயின்ட் சுரண்டியிருந்தால், உப்பு ஈரத்தில் அந்தச் சுரண்டலில் தெரியும் இரும்பு வழக்கத்தைவிட விரைவாக அரிக்கும். அலுமினிய ரெயிலை இரும்புக் கூரையில் நேரடியாகத் தொடவிடக்கூடாது என்பதும் இதே காரணத்தால். அங்கே முதலில் பொடிவது அலுமினியம்.

துளையே போடாத கேரியர்களும் உண்டு. மாருதி ஆம்னியிலும் 2014 வரை வந்த அம்பாசடரிலும் கூரை ஓரத்தில் மழைநீர் வாய்க்கால் உண்டு. கேரியர் அதைக் கவ்விப் பிடிக்கும். ஒழுகல் குறைவு, ஆனால் கவ்வும் இடத்தில் வாய்க்காலின் பெயின்ட் போகும், தகடுகள் சேரும் இடத்துச் சீலர் வெடிக்கும். கிழக்குக் கடற்கரைச் சாலையோரச் சவுக்குத் தோப்புகளில் நிழலுக்கு நிறுத்தும் வண்டிகளில் சவுக்குச் சருகு இந்த வாய்க்காலை அடைத்துக்கொள்ளும். ஊசி ஊசியான சருகு உப்பு ஈரத்தைப் பிடித்து மெத்தை போலப் படுத்திருக்கும். வாரம் ஒருமுறை பழைய பல்துலக்கி ஒன்றால் தள்ளிவிடுவது போதும்.

இன்றைய வண்டிகளில் கம்பெனியே ரெயில் வைத்து அனுப்புகிறது. அடியில் திருகு பதித்த துளைகள், மேலே பிளாஸ்டிக் மூடி. முதல் சில ஆண்டுகள் கவலையில்லை. பிறகு அடி ரப்பர் வெயிலில் இறுகி விரிசல் விடும், மூடியின் கீழே அதே இடுக்கு உருவாகும். கோவளத்தில் அலைச்சறுக்குப் பலகையைக் கடலிலிருந்து எடுத்து நீர் சொட்டச் சொட்ட ரேக்கில் கட்டிக்கொண்டு போகும் கார்களுக்கு இது சீக்கிரமே வரும். அங்கே விழுவது காற்றில் வந்த உப்பல்ல, கடலே. புயல் மழையும் தனி ரகம். 2022 டிசம்பர் 9 இரவு மாண்டஸ் புயல் மாமல்லபுரம் அருகே கரையேறியது போன்ற நாட்களில் மழை மேலிருந்து விழுவதில்லை. பக்கவாட்டில் வந்து காலின் அடியிலிருந்து மேல்நோக்கிப் புகும். சாதாரண மழையில் ஒழுகாத வண்டி அன்று ஒழுகினால் அதைத் தற்செயல் என்று விட்டுவிடக்கூடாது.

பராமரிப்புக்கு ஆயுத பூஜை சரியான நாள். எப்படியும் வண்டி கழுவப்படும். மழை தொடங்க சில வாரமே இருக்கும். சந்தனம் வைப்பதற்கு முன் ஒவ்வொரு காலின் அடியிலும் நன்னீரை அடித்து ஓட விடலாம், நட்டுகளைச் சாவி போட்டுத் தொட்டுப் பார்க்கலாம், கொப்புளம் உண்டா என்று விரலால் தடவலாம். முதல் நல்ல மழைக்கு மறுநாள் காலை கூரை ரெக்சினில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தால் சில்லிட்ட இடம் தெரியும். சொட்டு விழும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. சீலன்டை ஆண்டுதோறும் பிரிக்கக்கூடாது; ஐந்தாறு ஆண்டுக்கொரு முறை காலைக் கழற்றி அடியைப் பார்ப்பது போதும்.

திருக்கழுக்குன்றத்து வேன் 2012இல் கைமாறியது. வாங்கியவருக்குக் கேரியர் தேவைப்படவில்லை. கழற்றிய பிறகு துளைகளுக்கு ரப்பர் குமிழ் வைத்து விடுவது வழக்கம். அது வெயிலில் இரண்டு கோடைகூடத் தாங்காது. பதினாறு துளைகளையும் உள்ளிருந்து தகட்டு வில்லை வைத்து, பொட்டு பொட்டாக வெல்ட் செய்து, தேய்த்து, பிரைமர் அடித்து மூட வேண்டும். அதற்காக ரெக்சினை மறுபடி இறக்கினார்கள். காலடிகளில் பிரைமர் அப்படியே இருந்தது. குறுக்குப் பட்டை ஓரத்தில், யாரும் துடைக்காமல் விட்ட கோலமாவில், ஆறாவது காலிலிருந்து லைட் துளை வரை ஓடிய அந்தக் கோடு காய்ந்து கிடந்தது.